நிற்கும்போது மட்டும் நடுங்கும் உன் வண்டி

எனக்க அளியா, எலே அலோசி,

சுகமா இருக்கியான்னு எழுத வந்து கை நின்னு போச்சு. போய்ச் சேந்தவன்கிட்ட என்ன சுகம் கேக்கியது? நான் சுகம். அம்மை சுகம். எனக்க தங்கச்சி, உனக்க பெண்டாட்டி ஷீபா இருக்கா. அவளப் பத்திச் சொல்லத்தான் உக்காந்திருக்கேன். பத்திரமாக் கேளு, நடுவுல சிரிச்சு மழுப்பாத.

மொதல்ல உன்னக் கொஞ்சம் திட்டிக்கிடுதேன், அப்பதான் மத்ததெல்லாம் வரும். நாங்க எல்லாரும் முட்டுக்குத்தி செபிச்சது அவளுக்காக்கும். மார்புல கட்டின்னு டாக்டர் சொன்ன நாள்லயிருந்து அம்பூரியில எங்க சபையிலயும் அவ பேரு, பொழியூர்ல உங்க கோயில்லயும் அவ பேரு. உனக்க பேர ஒருத்தரும் சொல்லல. நீதான் கல்லு மாதிரி இருந்தியே! வண்டியக் கழுவி முடிச்சு, பக்கெட்டக் கவுத்தி வெச்சிட்டு, நெஞ்சப் புடிச்சிட்டுக் குத்தவெச்சவன் பொறவு எழும்பல. சீக்காளிய வீட்டுல விட்டுட்டு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறவன் போயிட்டான். இது என்ன கணக்குன்னு ஆண்டவன்கிட்ட கேட்டேன்.

பொழியூர்ல கடலு இன்னும் உள்ள ஏறியாச்சு. நீங்க விட்டுட்டு வந்த வீட்டுல அடுக்களைச் சுவரு மட்டும் நின்னுட்டு இருந்துது, இந்த மழையில அதுவும் போச்சு. நீ உறங்குற கல்லறைத் தோட்டத்துக்கு இப்போதைக்கு ஒண்ணுமில்லன்னு உனக்க ஊர்க்காரனுவ சொல்லுதானுவ. அந்த 'இப்போதைக்கு' எனக்குப் புடிக்கல்ல. ஷீபாட்ட அதச் சொல்லல.

அவ பாறசாலை வாடகை வீட்டுலதான் இருக்கா. அம்பூரிக்கு வந்துடுன்னு எவ்வளவோ சொல்லிப் பாத்தேன். "அவிய பாத்துப் புடிச்ச வீடு அண்ணா, நான் எங்கயும் வரல்ல"ன்னுட்டா. அதனால அம்மை அங்க போய் நிக்கா. மருந்து ஏத்துற நாளுக்கு மொத நாளு சாயங்காலம் நான் மலையிறங்கி வாறேன். விடிஞ்சதும் உனக்க வண்டியில அவள ஏத்திட்டு திருவனந்தபுரம் போறேன்.

ஆமா, உனக்க வண்டி எனக்க கையிலதான். ரப்பர் வெட்டுறவன் கைக்கு ஸ்டியரிங் எதுக்குலேன்னு நக்கலடிப்பியே. ரப்பர் ஷீட்டு ஏத்துற பழைய ஜீப்ப மலைப்பாதையில ஓட்டினவனாக்கும் நான். ஆனாலும் உனக்க சீட்டுல மொத நாளு உக்காந்தப்போ முதுகு கூசிச்சு. சீட்டப் பின்னால தள்ளாமலே ஓட்டினேன். முட்டு போய் ஸ்டியரிங்குல இடிச்சிட்டே வந்துது.

சங்கடம் தொடங்கினது அங்கதான். வண்டி ஓடும்போ ஒரு கொழப்பமும் இல்ல. அமரவிளை பாலம் தாண்டி நெய்யாற்றின்கரைக்குள்ள நுழைஞ்சு, பஸ்ஸுக்குப் பின்னால நின்னோம் பாரு, தொடங்கிச்சு. சீட்டு நடுங்குது, ஸ்டியரிங் நடுங்குது, கண்ணாடியில பின்னால நிக்கிற லாரிக்கு மூணு முகம் தெரியுது. நீ டேஷ்போர்டுல ஒட்டி வெச்ச மாதாவுக்குத் தலை கிடுகிடுன்னு ஆடுது. மாதாவக் கும்பிடாத சபைக்காரன் ஓட்டுறான்னு அவளுக்குக் கோவமோன்னுகூட நெனச்சேன். ஏசிய அணைச்சேன், நடுக்கம் நின்னுது. போட்டேன், மறுபடியும் தொடங்கிச்சு.

ஏசி இல்லாமப் போகலாமேன்னு நீ கேக்கமாட்ட. அவளுக்கு இப்ப மணம் ஒண்ணும் ஆகாதுன்னு உனக்குத் தெரியும். கண்ணாடிய இறக்கினா பஸ் விடுற பொகை, மீன்லாரி தண்ணி, வெயிலு எல்லாம் சேந்து அவ மூஞ்சியில அடிக்கும். ஒடனே ஓங்கரிப்பு. கண்ணாடிய ஏத்தி ஏசியப் போட்டா நிக்கிற எடத்துல எல்லாம் வயித்தப் போட்டுக் குலுக்குது. மருந்து ஏத்திட்டுத் திரும்பி வாறப்போ பாலராமபுரம் ஜங்ஷன்ல நாங்க நின்ன நிப்பு! கவர வாயில புடிச்சிட்டு அவ குனிஞ்சு இருக்கா. நான் ஏசியப் போடுதேன், அணைக்கேன், போடுதேன், அணைக்கேன். பக்கத்து ஸ்கூட்டர்க்காரன் எட்டிப் பாக்குதான். எலே, எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்த ஸ்டியரிங்கப் பிடுங்கித் தோட்டுத் தண்ணியில எறிஞ்சிருப்பேன்.

வீட்டுக்கு வந்து சுவரப் புடிச்சிட்டு எறங்கினவ, "இனி எனக்கு ஒக்காது அண்ணா, நான் வரல்ல" அப்பிடின்னா.

"வேற வண்டி புடிக்கேன் மக்கா."

"அவியளுக்க வண்டி முத்தத்துல நிக்கும்போ நான் எதுக்கு வேற ஆளுக்க வண்டியில வாந்தியெடுக்கணும்?"

பஸ்ஸும் ரயிலும் ஆகாது. கூட்டத்துக்குள்ள போவாண்டாம்ணு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காரு. அடுத்த மருந்து நாளு வந்துது. நான் குளிச்சு, சட்டை மாத்தி, வண்டியத் திருப்பி நிறுத்திட்டு நின்னேன். அவ கதவத் திறக்கல. அம்மை வாசல்ல நின்னு கெஞ்சினா, அழுதா, பொறவு கோவத்துல கதவத் தட்டினா. நேரம் போச்சு. ஆஸ்பத்திரிக்கு போன் போட்டுச் சொன்னா, ஒண்ணு விட்டது விட்டாச்சு, இன்னொண்ணு விட்டா நாங்க பொறுப்பில்லன்னு சொல்லிட்டாங்க. அடுத்த மருந்துக்குள்ள வண்டிய நேராக்கணும், இல்லாட்டா என் தங்கச்சி அந்தக் கதவுக்குள்ளயே கெடந்து போவா. எனக்கு வேற ஒண்ணும் தெரியல.

அதுக்கு முன்னாலயே பாறசாலையில சசியண்ணன் வொர்க்‌ஷாப்புல காட்டியிருந்தேன். பிளக்கு போயிருக்கும்ணு பிளக்க மாத்தினாரு. நடுக்கம் போவல. களியிக்காவிளைக்குக் கொண்டு போனேன். அங்க ஒருத்தன் எஞ்சினுக்குக் காத்து போற வழியில கரி அடைச்சிருக்குன்னான், ஏசி போட்டா எஞ்சினுக்குக் கூடுதல் காத்து வேணும், அது கிடைக்காமத்தான் திணறுதுன்னான். கேக்க நல்லாத்தான் இருந்துது. கழட்டித் தேய்ச்சுக் கழுவி மாட்டினான். வாயில ஈ போற மாதிரி பாத்துட்டு நின்னேன். ஏசியப் போட்டான், மாதா தலையாட்டினா. நெய்யாற்றின்கரையில ஏசி பாக்குறவன் கேஸ் கூடிப்போச்சுன்னு கொஞ்சம் இறக்கி விட்டான். குளிரு கொறஞ்சுது, நடுக்கம் கொறயல.

திரும்பவும் சசியண்ணன்கிட்டதான் போய் நின்னேன். போனதும் வாய விட்டேன், கேட்டியா. "பிளக்குன்னு சொன்னியே, எங்கவே பிளக்கு? எனக்க தங்கச்சி மருந்து வேண்டாம்ணு கதவ அடைச்சிட்டு இருக்கா!" அவரு கையில இருந்த ஸ்பேனர டங்குன்னு கீழ போட்டாரு. "நிங்ஙள் சத்தம் போட்டா வண்டி நேரே ஆவுமோ?" ரெண்டு பேரும் ரோட்டுல போறவன் நின்னு பாக்குற மாதிரி சத்தம் போட்டோம். பொறவு ரெண்டு பேருக்கும் மூச்சு வாங்கிச்சு. அவரு ஒரு சாயா வரவழைச்சாரு, அதக் குடிச்சிட்டு வண்டிக்குள்ள ஏறி உக்காந்தாரு.

"முள்ளப் பாரு"ன்னாரு. எஞ்சின் எவ்வளவு வேகம் சுத்துதுன்னு காட்டுற முள்ளு. ஏசி போட்டா கம்ப்ரஸரச் சுத்துறதும் எஞ்சினாக்கும், பாரம் கூடும். தாங்க ஒக்காத எஞ்சின்னா முள்ளு கீழ விழணும். ஏசியப் போட்டாரு. முள்ளு விழல. கொஞ்சம் மேல ஏறி அப்பிடியே நின்னுது. வண்டிதான் கெடந்து நடுங்குது.

"எஞ்சின் அதுக்க வேலையச் செய்யுது சேட்டா. அது இருக்கிற இருப்புதான் சரியில்ல. நானும் மொதல்ல முள்ளப் பாக்காமதான் பிளக்க மாத்தினேன்"ன்னு அவரே சொன்னாரு. அவரு சொன்னதும் எனக்குக் கோவம் எறங்கிப் போச்சு.

பானட்டத் திறந்து வெச்சு ஏசியோட ஓடவிட்டாரு. எஞ்சின் ஒரு பக்கமா ஆடுது. நான் குனிஞ்சு பாத்துட்டு இருக்கும்போ ஒரு மணம் வந்துது. எலே அலோசி, அந்த மணம் எனக்குத் தெரியாதா? காலையில எழும்பினா உடுப்புல, தலையில, சோத்துல எல்லாம் அடிக்கிற மணம். புகை போட்ட ரப்பர் ஷீட்டு சூடாகுற மணம். உனக்க வண்டி எஞ்சினுக்குள்ள அதுக்கு என்ன வேலை?

சசியண்ணன் அடியில ஜாக்கி வெச்சு, நடுவுல ஒரு பலகைத் துண்டையும் வெச்சு, எஞ்சினப் பையத் தூக்கினாரு. கொஞ்சம்தான் தூக்கினாரு, நடுக்கம் நின்னுது. ஏசி ஓடுது, முள்ளு நிக்குது, மாதா அசையாம நிக்கா. "மவுண்டு"ன்னாரு. எஞ்சினையும் வண்டியையும் பிணைக்கிற இரும்புக்கு நடுவுல ரப்பர் இருக்குமே, எஞ்சின் ஆட்டத்த அது வாங்கிக்கிடும், நம்ம ஒடம்புக்கு வராது. அதாக்கும் மவுண்டு. பொழியூர் உப்புக்காத்துல இரும்பு துருப்புடிச்சு, ரப்பர் பிஞ்சு போயிருந்துது.

கழட்டி என் கையில தந்தாரு. பிஞ்ச எடத்துல வேற ரப்பர வெட்டி, மடக்கி மடக்கித் திணிச்சு, வலைக் கம்பி மாதிரி மெல்லிசாப் பின்னி இறுக்கிக் கட்டியிருந்துது. வெளிப்பக்கம் கறுத்து, ஊதி, பலாப்பழப் பசை மாதிரி கையில ஒட்டுது. உள்மடிப்பப் பிரிச்சேன். அங்க மட்டும் நெறம் மாறல. தேன் நெறத்துல, வரி வரியா ரோலர் பதிஞ்ச அடையாளம். ஒரு வரி மட்டும் நடுவுல முறிஞ்சு இருந்துது. எங்க வீட்டுல ஷீட்டு அடிக்கிற ரோலர்ல ஒரு பல்லு ஒடஞ்சிருக்கு. எங்க ஷீட்டுல எல்லாம் அந்த ஒரு வரி முறிஞ்சுதான் விழும்.

கடைசியா நீ அம்பூரிக்கு வந்தப்போ புகைப்புரையில தொங்கின ஷீட்டுல ஒண்ண உருவினியே, ஞாபகம் இருக்கா? எதுக்குலேன்னு கேட்டதுக்கு "தலைக்கு வெச்சு உறங்க"ன்னு சிரிச்ச. கடப்புறத்தானுக்கு ரப்பர் மேல என்ன திடீர் ஆசைன்னு நானும் சிரிச்சேன். நீ அத நாலா மடிச்சு கக்கத்துல வெச்சிட்டு இறங்கிப் போன. அதுக்குப் பொறவு உன்ன நான் பெட்டியிலதான் பாத்தேன்.

சசியண்ணனுக்கும் அப்பதான் ஞாபகம் வந்துது. நீ வந்து மவுண்டு கேட்டியாம். பழைய மாடல், சிட்டியில சொல்லி வரவழைக்கணும், பொறுக்கணும்ணு அவரு சொன்னாராம். "பொறுக்க நேரமில்ல சேட்டா, அவளுக்கு மருந்து ஏத்தணும்"ன்னு சொல்லிட்டுப் போயிட்டியாம். சொல்லிட்டு அவரு மூஞ்சியத் துடைச்சிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டாரு.

வலைகட்டுற ஜாதிக்காரன்தானலே நீ, கட்டு மட்டும் இன்னும் அவுராம இருந்துது! ஆனா மடையா, ரப்பரும் எண்ணெயும் ஆகாதுன்னு எங்க மலையில பால்குடிக்கிற பிள்ளைக்குத் தெரியும். மேல எஞ்சின் மூடியில பிஞ்ச கேஸ்கெட்டு வழியா எண்ணெய் சொட்டிட்டே இருந்திருக்கு. சொட்டச் சொட்ட எனக்க ஷீட்டு ஊதி, இளகி, கூழாப் போச்சு. பொறவு இரும்பும் இரும்பும் முட்டிச்சு. ஒரு வார்த்தை எனக்கு போன் போட்டுக் கேட்டிருக்கலாமே? "வில்சா, இத இங்க வெக்கலாமா"ன்னு கேட்டா நான் என்ன கடிச்சா தின்னுருப்பேன்? புது மவுண்டு வந்ததும் மாத்திக்கிடலாம்ணு நெனச்சிருப்ப. அப்பிடித்தானே? அவ குலுங்கக்கூடாதுன்னு நீ வெச்சதுதான் கடைசியில அவளக் குலுக்கி எடுத்துது. இத ஆருகிட்ட போய்ச் சொல்லி அழ?

புது மவுண்டு சிட்டியிலிருந்து வந்துது, மாட்டியாச்சு. பழசப் பேப்பர்ல பொதிஞ்சு வீட்டுக்குக் கொண்டு வந்தேன். சொல்லணுமா வேண்டாமான்னு வழி நெடுக மனசு கெடந்து அடிச்சிட்டு இருந்துது. கதவுக்கு வெளிய நின்னு, "மக்கா, வண்டி நேராயாச்சு. ஏன் நடுங்கிச்சுன்னு பாக்கணுமா?"ன்னு கேட்டேன். தாழ்ப்பாளத் திறந்தா, அந்தப் பொதிய அவ கையில குடுத்தேன்.

எந்த மணமும் ஆகாதவ, அத மூக்குக்கிட்ட வெச்சுப் பாத்தா. நான் பயந்து கவரத் தேடினேன். அவளுக்கு ஓங்கரிப்பு வரல்ல.

"இது நம்ம வீட்டு ஷீட்டு" அப்பிடின்னா.

"ஆமா. அவன் வெச்சதாக்கும்."

அந்தக் கம்பிக் கட்டையே தடவிட்டு இருந்தா. "அண்ணா, ஒரு நாளு ஆஸ்பத்திரிக்குப் போறப்போ ஒவ்வொரு ஜங்ஷன்லயும் நின்னதும் என் பக்கம் திரும்பி, 'இப்ப எப்பிடி இருக்கு, இப்ப எப்பிடி இருக்கு'ன்னு கேட்டுட்டே வந்தாவ. நான் எனக்க ஒடம்பக் கேக்காவன்னு நெனச்சு, 'ஒண்ணுமில்ல, சும்மா இரியுங்க'ன்னு எரிஞ்சு விழுந்தேன். அவிய சிரிச்சாவ." நீ போனப்போ அழாதவ, எலே. பெட்டிய மூடும்போ அழாதவ. அந்த அழுக்கு ரப்பர மடியில வெச்சிட்டு ஏங்கி ஏங்கி அழுதா. அம்மை ஓடி வந்து அவ தலையப் புடிச்சுக்கிட்டா. நான் முத்தத்துல எறங்கி வண்டிக்குப் பின்னால நின்னு அழுதேன்.

அதத் தூரப் போடவும் விடல. சன்னல் படியில வெச்சிருக்கா. மணம் தாங்கல்லன்னு அம்மை முணுமுணுக்கா, ஆனா எடுக்கல.

அடுத்த மருந்துக்கு அவளே எறங்கி வந்து வண்டியில ஏறினா. டாக்டர் என்ன மட்டும் தனியா உள்ள கூப்பிட்டாரு. நோய் பரவியாச்சு, இனி மருந்து புடிச்சு நிறுத்தத்தான், போக்க இல்லன்னு சொன்னாரு. மூஞ்சிய எப்பிடி வெச்சிட்டு வெளிய வாறதுன்னு தெரியாம கையக் கழுவிட்டு நின்னுட்டு வந்தேன். அவ என்னப் பாத்த ஒடனே, "சொல்லிட்டாரா? எனக்கு மொதலயே தெரியும் அண்ணா. வா, மருந்து ஏத்துற எடத்துக்கு நேரமாச்சு"ன்னா. நானாக்கும் அவளத் தாங்கணும், அவ என்னத் தாங்குதா.

திரும்பி வாறப்போ பாலராமபுரத்துல வழக்கம்போல நிப்பு. முன்னால பஸ்ஸு, பின்னால லாரி, வெளிய வெயிலு கொளுத்துது. கண்ணாடி ஏத்தி ஏசி போட்டிருக்கேன். ஒரு அசைவு இல்ல. கண்ணாடியில லாரிக்கு ஒரே முகம். அவ கண்ண மூடி சாஞ்சிருந்தவ, திடுக்குன்னு முழிச்சா.

"அண்ணா, வண்டி நின்னு போச்சா?"

"இல்ல மக்கா, ஓடிட்டு இருக்கு."

"ஒண்ணும் தெரியல்லயே."

முள்ளக் காட்டினேன். அவ கைய எடுத்து டேஷ்போர்டுல, மாதாவுக்குப் பக்கத்துல வெச்சேன். உள்ள எங்கயோ லேசா ஒரு துடிப்பு இருக்கும்லா, அது அவ கைக்குத் தெரிஞ்சிருக்கும். தலையாட்டினா. நெய்யாற்றின்கரையில நின்னப்போ மறுபடியும் கேட்டா. அமரவிளையில ஒரு லாரி திரும்புறதுக்காக நின்னப்போவும் கேட்டா. நடுங்கினப்போ அவளுக்கு அது ஓடுதுன்னு தெரிஞ்சுது, இப்ப என்னக் கேட்டாத்தான் தெரியும். கண்ணத் திறக்காமலே கேக்கா. நானும் ஒவ்வொரு தடவையும் சொல்லுதேன், ஓடிட்டு இருக்கு மக்கா, ஓடிட்டுதான் இருக்கு.

அளியா, நான் உனக்கு வாக்கு தாறேன். எத்தனை ஜங்ஷன்ல நின்னாலும், அவ கேக்குற காலம் வரைக்கும் உனக்க சீட்டுல நான் இருப்பேன். ஒரு தடவைகூட எரிஞ்சு விழமாட்டேன். ஒரு நாளு வண்டி நிக்கும், அவ கேக்கமாட்டா. அன்னைக்கும் நான் ஏசிய அணைக்கமாட்டேன், எஞ்சின நிறுத்தமாட்டேன், ஒரு குலுக்கம் இல்லாம அவள உனக்கிட்ட கொண்டு வந்து சேப்பேன்.

உனக்க பெண்டாட்டிக்கு அண்ணன், உனக்க அளியன்,
அம்பூரி வில்சன்